அண்ணி நெருப்பு கேட்ட வீடு

திருவண்ணாமலையில் தேரடிக்குப் பின்னால் பாத்திரக் கடைகள் இருக்கும் சந்தில், போன வாரம் ஒரு கடைக்காரரோடு சண்டை போட்டேன். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரரிடமும் கீரைக்காரம்மாவிடமும் தினமும் போடுகிற அளவுதான். பையிலிருந்து ஓர் எவர்சில்வர் தூக்கை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பிடி ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அடிப்பாகம் கறுத்திருந்தது, உட்புறம் அதைவிடக் கறுப்பு. மூடி ஓரத்தில் நெளிந்து, உட்கார வேண்டிய இடத்தில் உட்காராமல் ஆடியது. அதன் மேல் பொட்டுப் பொட்டாக வெட்டியிருந்த பெயரில் பாதி எழுத்து இருந்தது, பாதி இல்லை. கடைக்காரர் அதைத் திருப்பிப் பார்த்து, மோந்தும் பார்த்துவிட்டு, "இத எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுத்துக்கங்கம்மா. இதுல இன்னாத்த வெச்சீங்க, இவ்ளோ கரி புடிச்சிருக்குது?" என்றார். "நெருப்பு" என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார், பாவம், முகம் சுண்டிப்போயிற்று. "பிடிய ரிவிட் அடிங்க. மூடிய தட்டி உக்கார வைங்க. பாலீஷ் மட்டும் போட்டுடாதீங்க, போட்டீங்கன்னா அப்புறம் நான் ஜாஸ்தி பேசுவேன்" என்று சொல்லிவிட்டு, கடை வாசலிலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். விட்டுவிட்டுப் போனால் பளபளவென்று தேய்த்துவைத்துவிடுவார்கள்.

அந்தத் தூக்கு என் அண்ணியுடையது, என் ஒரே அண்ணனின் மனைவி. அவள் கல்யாணச் சீரோடு வந்த தூக்கு அது. எங்கள் கிராமம், கீழ்பென்னாத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரை மேலேயே நடந்தால் வரும். நான் சொல்வது தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்கிலிருந்து கிழக்கே நீளும் ஒரே தெரு. இரண்டு பக்கமும் கரும்புத் தோகை வேய்ந்த வீடுகள். ஒரு வீட்டுக் கூரையின் எரவாணம் அடுத்த வீட்டு எரவாணத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும். ஐப்பசி மழையில் அந்த நெருக்கம் நன்றாகத்தான் இருக்கும், நனையாமலே நாலு வீடு தாண்டலாம். பங்குனி பிறந்துவிட்டால் அதே கூரை காய்ந்து, தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கும். மேல்காற்று தெருவின் ஒரு முனையில் நுழைந்து மறுமுனை வரைக்கும் பெருக்கிக்கொண்டு போகும்.

வெயில் காலத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சமையல் உண்டு. விடியும் முன் கேழ்வரகு மாவைக் கரைத்து, நொய் போட்டுத் துடுப்பால் கிண்டி இறக்கிவிட்டால், அந்தக் கூழ் நாள் முழுக்க ஆகும். மோர் விட்டுக் கரைத்துக்கொள்ளலாம். தொட்டுக்கொள்ள வெங்காயம், கீறிய மாங்காய், வறுத்த மல்லாட்டைத் துவையல். வேர்க்கடலையை நாங்கள் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். இருந்தாலும் மத்தியானத்தில் அடுப்பு எரியாமல் இருக்காது. ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பைச் சூடு பண்ணுவார்கள், இன்னொரு வீட்டில் குழந்தைக்குப் பால். அடுப்பு அணைந்திருந்தால் பக்கத்து வீட்டில் போய் நெருப்பு வாங்கி வருவார்கள். தீப்பெட்டி இல்லாமல் இல்லை. ஆனாலும் நெருப்பு வாங்குவதுதான் வழக்கம். ஒரு வறட்டியை உடைத்து அதில் கங்கை வைத்து, அணையாமல் இருக்க ஊதிக்கொண்டே தெருவில் நடந்து வருவார்கள். போன இடத்தில் ரெண்டு வார்த்தை பேசலாம், குழம்பு என்ன என்று பார்க்கலாம். சண்டை வந்த வீடுகளைப் பற்றிச் சொல்லும்போதுகூட, "அவங்களுக்கும் எங்களுக்கும் நெருப்பு கூடக் கெடையாது" என்றுதான் சொல்வார்கள்.

அண்ணியும் அப்படித்தான் வாங்கி வந்தாள். டவுனை ஒட்டிய ஊரில் பிறந்தவள், அவள் பிறந்த வீடு ஓட்டு வீடு, ஆனால் வந்த ஒரு மாதத்தில் வறட்டியை ஊதிக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். கறுப்பு, ஒல்லி, வேகமான நடை. பேச்சும் அப்படி. மனதில் பட்டதை உடனே சொல்லிவிடுவாள், சொன்னதை மறுநாளும் மாற்ற மாட்டாள். எனக்கு முதலில் அவளைக் கண்டால் பயம், பிறகு அவளில்லாமல் ஆகாது. அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது தூளியில் கிடக்கிற வயதாக இருந்தது. நடுவீட்டு உத்திரத்தில் அம்மாவின் பழைய புடவையில் தூளி கட்டியிருப்பாள். நான் பிளஸ் டூ எழுதிவிட்டு வீட்டில் இருந்த வருஷம். அண்ணி வயலுக்குப் போனால் தூளியை ஆட்டுவது என் வேலை.

பங்குனிக் கடைசியில் ஒரு நாள் குழந்தை விடாமல் அழுதது. அண்ணி அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மல்லாட்டை பிடுங்குகிற நிலத்துக்கே போய்விட்டாள். அம்மாவும் அப்பாவும் அங்கேதான். நான் தெருக்கோடிக் கைப்பம்பில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். நல்ல உச்சி வெயில். மேற்குப் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, அதாவது அப்பாவின் அண்ணன் மனைவி, என்னைத் தாண்டிப் போனதும் கோடி வீட்டில் நெருப்பு வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் எனக்குத் தெரியும். "இன்னாடி, சோப்பு எல்லாத்தையும் இன்னிக்கே கரைச்சிடுவியா?" என்று கேட்டுக்கொண்டு போனாள். அவள் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டும்போது ஒரு காற்று வந்தது. நான் கண்ணில் விழுந்த மண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, எங்கள் எரவாணத்தில் ஒரு சின்ன இடம் புகைந்துகொண்டிருந்தது. பெரியம்மா கையில் வறட்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் புகை தீயாகி, தீ கூரையின் முதுகுக்கு ஏறிவிட்டது. உள்ளே மூங்கில்கள் வெடித்த சத்தம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டதாம். தெருவில் இருந்தவர்கள் துரட்டியால் அடுத்தடுத்த கூரைகளைப் பிடுங்கிப் போட்டார்கள், சாக்கை நனைத்து அடித்தார்கள். எங்கள் வீடும் கிழக்கே இரண்டு வீடுகளும் போயின. காற்று கிழக்கே அடித்ததால் பெரியம்மாவின் வீட்டில் ஒரு தோகைகூடக் கருகவில்லை.

அண்ணி வயலிலிருந்து ஓடி வந்தாள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. சுவர் மட்டும் நிற்கிற வீட்டுக்குள் போய், உத்திரம் இருந்த இடத்துக்கு நேர் கீழே நின்றாள். அங்கே தூளிக்கயிறு விழுந்து, கயிறு மாதிரியே சாம்பலாகக் கிடந்தது. சாயங்காலம் மில் வேலையிலிருந்து வந்த அண்ணன், "உயிருக்கு ஒண்ணும் ஆகலியே, அது போதும்" என்றான். எல்லோரும் சொல்வதுதான். அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்து, "ஆகலன்னு சொல்லாத. நேத்து ஆயிருந்தா? நேத்து உச்சி வெயில்ல பாப்பா இங்கதான தூங்குச்சு?" என்றாள். முந்தின நாள் அதே நேரம் நான் குழந்தையைத் தூளியில் தூங்கவிட்டுவிட்டு அதே கைப்பம்புக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். மறுநாள் சாம்பலைக் கிளறியபோது விதைக்கு வைத்திருந்த மல்லாட்டை எல்லாம் கரி. மிஞ்சிய பொருள் என்று சொல்ல அம்மியும் குழவியும் அந்தத் தூக்கும்தான். மூடி நெளிந்து, பெயர் பாதி போயிருந்தது. அண்ணி அதைக் கழுவி வைத்துக்கொண்டாள்.

உறவுக்காரர்கள் சேர்ந்து கீற்றும் மூங்கிலும் கொடுத்து சீக்கிரமே கூரை போட்டுக் கொடுத்தார்கள். அண்ணி குடியேறினாள். ஆனால் தூளி கட்டவில்லை. இரவில் குழந்தையைத் தன் வயிற்றோடு அணைத்துப் படுத்துக்கொள்வாள், பகலில் போகிற இடமெல்லாம் தூக்கிக்கொண்டு போவாள். "இடுப்பு ஒடிஞ்சிடும்டி, கட்டு" என்று அம்மா சொன்னால், "இந்தத் தெருவுல நெருப்பு நடமாடற வரைக்கும் கட்ட மாட்டேன்" என்பாள். நாலு நாளில் மறந்துவிடுவாள் என்று நினைத்தோம். அவள் மறக்கவில்லை. கைப்பம்பில், களத்தில், கோயிலில், எங்கே நாலு பெண்கள் சேர்ந்தாலும் ஒரே பேச்சுதான். ஊருக்குக் கிழக்கே ஏரிக்கரைச் சரிவில் நெல் அடிக்கிற களம் இருக்கிறது, பக்கத்திலேயே மோட்டார் கொட்டாய், தொட்டி நிறையத் தண்ணீர். மேல்காற்று அடித்தாலும் பொறி உழுது போட்ட நிலத்துக்குத்தான் போகும். பங்குனியிலிருந்து ஆடி முடிகிற வரைக்கும் எல்லா வீட்டு அடுப்பையும் அங்கே கொண்டுபோய்விடுவோம், தெருவுக்குள் ஒரு பொறிகூட வேண்டாம் என்றாள்.

கேட்டவர்கள் எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருத்தியும் வரவில்லை. நெருப்பை விட்டுவிடத் தயார், ஆனால் தன் சட்டியைப் பிறத்தியார் முன்னால் திறக்க யாருக்கும் மனம் இல்லை. அது எனக்கு அப்போது புரியவில்லை, இப்போது என் வீட்டுக்கு விருந்தாளி சொல்லாமல் வந்தால் நன்றாகப் புரிகிறது. வீட்டுக்குள் என்ன பொங்கினாலும் தெருவில் சொல்வது வேறு. எதிர்வீட்டு அக்கா எப்போது கேட்டாலும் "இன்னிக்கி சாம்பாரு, உருளக்கெழங்கு" என்பாள். அந்த வீட்டுப் புகையில் நான் ஒரு நாளும் சாம்பார் வாசனை கண்டதில்லை. "இன்னா கொழம்புன்னு ஊருக்கே தெரியணுமா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். அண்ணி மறுநாள் விடிகாலையில் அம்மியையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு களத்துக்குப் போனாள். மூன்று கல்லை வைத்தாள், அடுப்பைப் பற்றவைத்தாள். மற்றவர்கள் கொடுத்த கேழ்வரகு, வேலியில் பறித்த முருங்கைக்கீரை, உப்பு, அவ்வளவுதான். சட்டியை மூடவே இல்லை. வயலுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். போகிற ஒவ்வொருத்தியையும் கூப்பிட்டு, "வந்து பாரு, எங்க வூட்ல இன்னிக்கி வெறும் கூழு. எங்கிட்ட ஒளிக்க இன்னா இருக்குது?" என்று ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தாள். இதே கூத்து ஒரு வாரத்துக்கு மேல் நடந்தது. நான் வெட்கத்தில் ஏரிப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருப்பேன்.

வெறும் கூழைத் திறந்து காட்டியவளைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு மூடி வைக்கக் காரணம் இல்லாமல் போயிற்று. முதலில், எரிந்துபோன மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அப்புறம் கைக்குழந்தைக்காரிகள். எதிர்வீட்டு அக்கா சட்டியைத் தட்டு போட்டு மூடி, அதன்மேல் முந்தானையும் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு நாள் காற்று தட்டைத் தள்ளிவிட்டது, உள்ளே வெறும் கஞ்சி. அவள் முகம் போன போக்கைப் பார்த்து அண்ணி, "அக்கா, ஒங்க சாம்பார்ல எங்களுக்கும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். அந்த அக்காவே சிரித்துவிட்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அண்ணியின் முதுகில் ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து சட்டிகள் திறந்தே இருந்தன. ஒருத்தி மாங்காய் கொண்டுவந்தால் ஒருத்தி கருவாடு கொண்டுவருவாள். சித்திரை முடிவதற்குள் தெருவே களத்துக்கு வந்துவிட்டது, பெரியம்மா ஒருத்தியைத் தவிர.

பெரியம்மா அந்த நாளுக்குப் பிறகு தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. தண்ணீர் எடுக்கக்கூட எல்லோரும் போன பிறகுதான் வருவாள். கைப்பம்பில் யாரோ ஒருத்தி, "அவங்க கைய வெச்சா ஊரே எரியும்" என்று அவள் காதில் விழும்படி சொல்லியிருந்தாள். அப்படிச் சொன்னவர்களுக்கு எதிரே போய் அடுப்பைப் பற்றவைக்க யாருக்குத்தான் கை வரும். ஆனால் பெரியப்பாவுக்கு வயிற்றுப் புண். புளித்த கூழ் ஆகாது, மத்தியானம் சூடாகக் கஞ்சி வேண்டும். அதனால் அவள் உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அடுப்பை எரித்தாள். கதவைச் சாத்தினால் புகை தெரியாமல் போய்விடுமா? கூரை முழுக்கக் கசியும். கிழக்கே, காற்று போகிற வழியில், எங்கள் புதுக் கூரை. அண்ணி ஒவ்வொரு மத்தியானமும் களத்திலிருந்து அந்தப் புகையைப் பார்ப்பாள். குழந்தையை இடுப்பு மாற்றி வைத்துக்கொள்வாள். பெரியம்மாவோடு அவள் பேச்சை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

வைகாசியில் ஒரு சாயங்காலம் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் ஊர் கூடியது. எல்லோரும் கட்டுப்பட்ட ஏற்பாட்டுக்கு ஒரு வீடு மட்டும் கட்டுப்படாமல் இருந்தால் எப்படி என்றார்கள். அந்த வீட்டோடு யாரும் நெருப்பு தண்ணி புழங்கக் கூடாது என்று சொல்லிவிடலாம் என்றார் நாட்டாமை. பெரியப்பா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அப்பாவுக்கு அண்ணனாயிற்றே, அப்பாவும் பேச முடியாமல் நின்றார். கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நின்று கேட்பதோடு சரி, பேசுவதில்லை. அண்ணி அந்த ஓரத்திலிருந்தே பேசினாள். "எரிஞ்சது என் வூடு. பேசறதுன்னா நான்தான் பேசணும். நெருப்பு தண்ணி கூடாதுன்னு நீங்க சொல்லிட்டா அவங்க இன்னா பண்ணுவாங்க? இன்னும் நல்லா கதவ சாத்திகினு எரிப்பாங்க. பொறி பறந்தா யாரு வூட்டு மேல வந்து வுழும்? ஒங்க வூட்டு மேலயா? காலைல வரைக்கும் கம்முனு இருங்க, நான் பாத்துக்கறேன்." நாட்டாமை எங்கள் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் எங்களைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தான். கூட்டம் அதோடு கலைந்தது.

வீட்டுக்கு வந்ததும், "பெரியம்மாவ மன்னிச்சுட்டீங்களா அண்ணி?" என்று கேட்டேன். ஏதோ நல்ல வார்த்தை சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "மன்னிக்கறதாவது" என்றாள். "எனக்குக் கோவம் அப்படியேதான் இருக்குது. அவங்க வூட்டுக் கூரையப் பாத்தாலே பத்திகினு வருது. இருந்துட்டுப் போவட்டும். அன்னிக்கி அவங்க கையில இருந்து பறந்துச்சு, அதுக்கு மொத நாள் நானும்தான் நெருப்பு வாங்கியாந்தேன், என் கையில இருந்து பறக்கல, அவ்ளோதான். எனக்குக் கோவம் தீர்றது முக்கியமில்ல. தூளி கட்டணும்."

மறுநாள் காலை, தெருவே குடங்களோடு வெளியே நிற்கிற நேரம் பார்த்து, அண்ணி அந்தத் தூக்கை எடுத்தாள். அடியில் ஒரு பிடி சாம்பல் போட்டாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுப் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள். நானும் பின்னால் போய் நின்றேன். கதவு ஒருக்களித்திருந்தது. "பெரியத்தை" என்று கூப்பிட்டாள். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "நான்தான். நெருப்பு வேணும்." பெரியம்மா வெளியே வந்தாள். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடினவளாக இருந்தாள். தெருவில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாள், அண்ணியின் கையில் இருந்த தூக்கைப் பார்த்தாள். "எங்கிட்டயா கேக்கற?" என்றாள். "ஒங்ககிட்டதான். களத்துல அடுப்பு பத்த வைக்கணும்." "தீப்பெட்டி இல்லியா?" "இருக்குது" என்றாள் அண்ணி. தூக்கை நீட்டியபடியே நின்றாள். பெரியம்மா உள்ளே போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆன மாதிரி எனக்குத் தோன்றியது. கரண்டியில் கங்கை வைத்துக்கொண்டு வந்தாள். கங்கைத் தூக்குக்குள் போட்டு மூடியை வைத்தால் மூடி உட்காரவில்லை. "எரிஞ்சதுல நெளிஞ்சு போச்சு" என்றாள் அண்ணி. பெரியம்மா அந்த மூடியைக் கையில் வாங்கி, பாதி அழிந்த பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அம்மிக் குழவியைக் கொண்டுவந்து, மூடியை வாசல் கல்லில் கவிழ்த்துவைத்துத் தட்டினாள். தட்டுவாள், வைத்துப் பார்ப்பாள், எடுத்து மறுபடி தட்டுவாள். கண்ணீர் அதன் மேலேயே விழுந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. கடைசியில் ஓரளவுக்கு உட்கார்ந்தது. "மூடி உக்காந்துச்சான்னு பாத்துகினு போ" என்றாள்.

"நீங்களும் வாங்க" என்றாள் அண்ணி. "மாமாவுக்குக் கஞ்சி அங்கயே சூடா வெச்சுடலாம், இவ எடுத்துகினு வந்து குடுப்பா." என்னைக் கேட்காமலே என்னை வேலைக்கு வைத்துவிட்டாள். அண்ணி தூக்கோடு முன்னால் நடந்தாள். சற்று நேரத்தில் பின்னால் ஒரு சத்தம் கேட்டுத் திரும்பினேன். பெரியம்மா இடுப்பில் நிறைகுடத் தண்ணீரோடு, அண்ணியின் கையில் இருந்த தூக்கையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு பொறி வெளியே வந்தாலும் ஊற்றிவிடுகிற மாதிரி அவ்வளவு ஒட்டி நடந்தாள். தண்ணீர் தளும்பி அவள் புடவையெல்லாம் நனைந்தது. களத்தில் அண்ணி மூடியைத் திறந்து, பெரியம்மா கொடுத்த நெருப்பிலேயே அடுப்பைப் பற்றவைத்தாள். எதிர்வீட்டு அக்கா தன் அடுப்புக் கல்லைக் கொஞ்சம் நகர்த்தி, "இங்க வெச்சுக்கங்க பெரியம்மா" என்று இடம் விட்டாள். அன்று மத்தியானம் தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. அண்ணி தெருமுனையில் நின்று மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். வீட்டுக்குள் போனாள். புதுப் புடவையாக ஒன்றைக் கிழித்து, உத்திரத்தில் தூளியைக் கட்டி, கையால் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் குழந்தையைப் போட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "எதுக்கு அழற? ஆட்டு" என்றாள்.

அதற்குப் பிறகு வருஷா வருஷம் பங்குனி முதல் நாள் அடுப்புகள் களத்துக்குப் போகும்போது நெருப்பு பெரியம்மா வீட்டிலிருந்துதான் போகும். அண்ணி கேட்பாள், பெரியம்மா "தீப்பெட்டி இல்லியா?" என்பாள், அண்ணி "இருக்குது" என்பாள். தூக்கில் மூடி போட்டு அண்ணி முன்னால் போக, பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு பின்னால் போவாள். அவர்கள் இருவரும் தோழிகளாகிவிட்டார்கள் என்று சொன்னால் பொய். கோழி வந்து கிளறியதற்கும் குப்பை கொட்டியதற்கும் கடைசி வரைக்கும் சண்டை போட்டார்கள். "அன்னிக்கி எரிச்சீங்களே" என்று மட்டும் அண்ணி ஒரு சண்டையிலும் வாய்விட்டதில்லை. அந்தத் தெரு பிறகு ஒரு முறையும் எரியவில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி நான் திருவண்ணாமலைக்கு வந்த பிறகுதான் பெரியம்மா போய்ச்சேர்ந்தாள். இழவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. அந்த வீட்டுக்கு வேண்டிய சோறும் குழம்பும் அண்ணிதான் பொங்கி அனுப்பினாள், ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. காரியம் முடிந்து அந்த வீட்டில் மறுபடி அடுப்புப் பற்றவைக்கிற அன்று, யாரும் சொல்லாமலே, தன் வீட்டு நெருப்பைத் தூக்கில் எடுத்துக்கொண்டு போய் அந்த அடுப்பில் வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அப்படி அழுதாள். அன்றுதான் அவள் அழுது நான் பார்த்தேன்.

இப்போது தெருவில் பாதி வீடு மாடி, பாதி வீட்டில் கேஸ். பங்குனியில் யாரும் களத்துக்கு அடுப்பைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, போக வேண்டிய தேவையும் இல்லை. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் கிடையாது. கூரைக்குப் பயந்துகொண்டு வாழ்வதில் என்ன சுகம் இருக்கிறது? ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற அன்று மட்டும் களத்தில் பெரிய அடுப்பு எரியும், ஊரே அங்கே கூடும். அதற்காகத்தான் பிடி போன தூக்கை அண்ணி என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். கடைக்காரர் ரிவிட் அடித்து, மூடியை மரச்சுத்தியால் தட்டி, "நல்லா உக்காந்துடுச்சு பாருங்க" என்று கொடுத்தார். வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை பஸ் ஏறினேன்.

அண்ணி வாசலிலேயே நின்றிருந்தாள். முடி நரைத்திருக்கிறது, நடை மட்டும் அப்படியே இருக்கிறது. வா என்றும் சொல்லவில்லை, எப்படி இருக்கிறாய் என்றும் கேட்கவில்லை. பையிலிருந்து தூக்கை எடுத்து மூடியை அழுத்தினாள், தூக்கிக் குலுக்கினாள், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். மூடி விழவில்லை. "பரவால்ல, டவுன்காரங்க கூட ஒரு வேலைய ஒழுங்கா செஞ்சிருக்காங்க" என்று என்னையும் சேர்த்து ஒரு இடி இடித்துவிட்டு, அடியில் ஒரு பிடி சாம்பல் போட்டாள். பெரியம்மாவின் மருமகள் தன் கேஸ் அடுப்பில் ஒரு வறட்டித் துண்டைக் காட்டிக் கங்கு பண்ணிக்கொண்டிருந்தது வாசலிலிருந்தே தெரிந்தது. அன்று தூளியில் கிடந்த குழந்தை இப்போது வேலூரில் நர்ஸாக இருக்கிறாள். கூழுக்கென்று லீவு போட்டு வந்திருந்தவள், யாரும் சொல்லாமலே குடத்தில் தண்ணீர் நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றாள். அண்ணி அந்த வாசல் கல்லுக்கு முன்னால் நின்று, "நெருப்பு வேணும்" என்றாள். "தீப்பெட்டி இல்லியா?" என்று உள்ளேயிருந்து மருமகள் கேட்டாள்.

"இருக்குது" என்று சொல்லிவிட்டு அண்ணி தூக்கை நீட்டினாள்.